கடலடி தாழ்ந்துபோன ஊர்

கொழும்பில் கூட்டம் முடிந்ததும் நேரே தூத்துக்குடிக்குத் திரும்பியிருக்க வேண்டியவன் நான். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறவன் என்று என் மனைவி என்னைப் பற்றி அடிக்கடி சொல்வாள். இந்த முறை ஓணான் மின்னஞ்சலில் வந்தது.

"சேர், எங்கட வாப்பாவப் பொய்யன் எண்டு உலகம் முழுக்கப் பாக்கிற மாதிரி எழுதி வெச்சிருக்கீங்க. இஞ்ச வந்து கடல அளந்து பாத்துட்டு எழுதுங்க. ஹஸ்னா, மருதமுனை."

விஷயம் இதுதான். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற பிறகு, பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு பொதுத் தரவுதளத்தில் சம்பளமில்லாத சரிபார்ப்பாளனாக இருக்கிறேன். கடலின் அடித்தரையில் வாழும் உயிர்கள் எங்கே, எத்தனை ஆழத்தில், யார் கண்ணில் பட்டன என்று அதில் பதிவோம். யாரும் தரலாம், யாரும் எடுத்துக்கொள்ளலாம். பூட்டும் கிடையாது, கட்டணமும் கிடையாது. தமிழ் பேசும் கரைகளிலிருந்து வருகிறவை என் மேசைக்கு வரும்.

கல்முனைக்கு அடுத்த மருதமுனையிலிருந்து ஹஸ்னா அனுப்பியது ஒரு பொக்கிஷம். அவளுடைய தந்தை ஆதம்பாவா, கடலடியில் வலை விடுகிற மீனவர். வலையில் மீனோடு வருகிற நட்சத்திர மீன், கடல் விசிறி, பஞ்சு, முள்ளுருண்டை எல்லாவற்றையும் மற்றவர்கள் குப்பை என்று உதறிவிட்டுப் போவார்கள். இவர் முப்பது வருடமாக அவற்றை எழுதி வைத்திருக்கிறார். விசிறி வந்தால் அடியில் பாறை, வலை கிழியும். முள்ளுருண்டை வந்தால் சேறு, பயமில்லை. வலையைக் காப்பாற்ற எழுதிய கணக்கு எங்களுக்கு விஞ்ஞானமாகிவிட்டது.

ஆழத்தை மட்டும் பாகத்தில் எழுதியிருந்தார். இரண்டு கையையும் விரித்தால் விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை ஒரு பாகம். புத்தகம் ஆறு அடி என்கிறது, நானும் ஆறடி என்று பெருக்கினேன். பெருக்கியபோதுதான் இடித்தது. பத்துப் பாகமாக வருடக்கணக்கில் இருந்த இடம் சுனாமிக்குப் பிறகு பதினொன்று ஆகியிருந்தது. பதினெட்டு இருபதாகியிருந்தது. ஓர் இடம்கூட விலக்கில்லை. கடலடி அங்கங்கே ஏறி இறங்கலாம், ஆனால் ஒரு கரை முழுக்க ஒரே விகிதத்தில் தாழாது. பரீட்சைத்தாளில் காப்பியடிக்கிற பையனை எத்தனை வருடம் பார்த்தவன் நான். சுனாமிக்குப் பிந்திய பதிவு ஒவ்வொன்றின் கீழும், "நம்பத்தகாதது, மாற்றி எழுதப்பட்டதாகத் தோன்றுகிறது" என்று போட்டுவிட்டு எழுந்து டீ குடிக்கப் போனேன். பொதுத் தரவுதளத்தில் சரிபார்ப்பவனின் குறிப்பும் பொதுதான் என்பது, பதிந்தவரின் பெயருக்குப் பக்கத்திலேயே அது நிற்கும் என்பது, அப்போது என் மண்டையில் உறைக்கவில்லை.

கொழும்பிலிருந்து கல்முனைக்குப் புறப்பட்ட முதல் நாள், பஸ்ஸில் என் பக்கத்தில் தயிர்ச் சட்டிகளை மடியிலும் காலடியிலும் அடுக்கிக்கொண்டு ஒரு சிங்கள அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் ஏதோ கேட்க, முன் இருக்கைக்காரர் திரும்பித் தமிழாக்கினார்: "நீங்க என்ன வியாபாரம் எண்டு கேக்கிறாங்க."

"கடல் புழுக்களுக்குப் பெயர் எழுதுகிறேன் என்று சொல்லுங்கள்."

மொழிபெயர்ப்பு போனது. அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பதில் வந்தது: "பாவம், வேற வேல கிடைக்கல்லையா எண்டு கேக்கிறாங்க." இறங்கும்போது ஒரு சின்னச் சட்டித் தயிரை என் கையில் வைத்துவிட்டு, பணத்தை வாங்காமலே போய்விட்டார். எருமைத் தயிர். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது.

அந்தச் சட்டியைக் காப்பாற்றுகிற கவனத்தில் சம்மாந்துறையைக் கல்முனை என்று நினைத்து இறங்கித் தொலைத்தேன். பஸ் போன பிறகுதான் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. நிஸாம் என்கிற ஓட்டோக்காரர் ஏற்றிக்கொண்டார். அவருடைய வண்டி வயல்வெளி நடுவே பெட்ரோல் தீர்ந்து நின்றது. "இரிங்க சேர், வாறன்" என்று வெறும் போத்தலோடு எதிரே வந்த மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு போய்விட்டார். அனல் போன்ற கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பழுத்த நெல், அதற்கப்பால் வீரமுனைக் கோயில் கோபுரம், என் மடியில் தயிர். எங்கள் ஊரில் ஓட்டுநர் இப்படிப் போனால் நான் சண்டை போட்டிருப்பேன். இங்கே யாருடன் போடுவது என்று தெரியாமல் விரலாலேயே தயிரைச் சாப்பிட்டேன்.

நிஸாம் திரும்பி வந்து, என் வேலையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப ஒங்களுக்குத் தெரியுமா சேர், சுனாமி எங்கட கடல்ர அடிய வழிச்சிட்டுப் போயிட்டு. பத்துப் பாகத்துக்கு ஒரு பாகம் தாழ்ந்திரிக்கி."

"யார் சொன்னது?"

"ஊருக்கே தெரியும். ஆதம்பாவா காக்கா அளந்து சொன்ன. அவரு சொன்னாச் சரி."

காக்கா என்றால் இங்கே அண்ணன், நான் பொய்யராக்கியவர் ஊருக்கே அண்ணன். காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனைக்குடி, கல்முனை என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை, நிஸாமுக்குக் கடை கடையாகத் தெரிந்தது.

ஹஸ்னா கல்முனைக் கடைத்தெருவில் போட்டோக்கொப்பி, தட்டெழுத்து, விண்ணப்பம் நிரப்புதல் எல்லாம் செய்கிற சின்னக் கடை வைத்திருக்கிறாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், கணவர் கத்தாரில். நான் பெயரைச் சொன்னதும் யாருடையதோ ஒரு விண்ணப்பத்தை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"வருவீங்க எண்டு நினைக்கல்ல. பிளேன்டி குடிங்க."

பாலில்லாத தேநீர், இஞ்சி தட்டிப் போட்டது. அதைக் குடித்து முடிக்கிற வரையில் அவள் அடுத்த விண்ணப்பத்தை நிரப்பினாள். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தடித்த கொப்பியை, தந்தையின் கணக்கு நோட்டை, எடுத்து என் முன்னால் திறந்து வைத்தாள். பாதிக்குப் பிறகு வெற்றுத்தாள்.

"கடக்கரையில, 'இந்தியாக்காரன் தள்ளிவிட்ட கொப்பி' எண்டு பகிடி பண்ணுறாங்க சேர். வாப்பா யாருக்கும் ஒண்டும் சொல்லல்ல. எழுதுறத விட்டுட்டாரு. நாலு மாசமா ஒரு எழுத்தும் இல்ல. முப்பது வருசத்தில, சுனாமி வந்த வருசம்கூட இப்பிடி விட்டதில்ல."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ஆனால் எதற்கு? என் கணக்கு தவறென்று எனக்கு இன்னும் தோன்றவில்லை. கடல் ஒரே விகிதத்தில் தாழாது. நாளைக்குக் கடலுக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டேன்.

இரண்டாம் நாள் விடிகாலைத் தொழுகை முடிந்து ஆட்கள் கடற்கரைக்கு வந்தபோது நான் ஏற்கனவே மணலில் நின்றேன். ஆதம்பாவாவுக்கு அறுபதை நெருங்கும் வயது, வெள்ளைத்தொப்பி, குள்ளமும் இல்லை உயரமும் இல்லை. பொய்யர் முகமாக இருக்கும் என்று ஒரு மாதிரி நினைத்து வந்திருந்தேன். அவர் என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து ஸலாம் சொன்னார். "சாப்பிட்டீங்களா? வெறும் வயித்தோட ஏறாதீங்க, தல சுத்தும்" என்று கீரிமீன் சம்பல் வைத்த ரொட்டியை நீட்டினார். என்னைத் திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

துறைமுக ஊரில் பிறந்தவன் நான், எனக்கா தலை சுற்றும் என்று ரொட்டியை வேண்டாமென்றேன். கரை கண்ணுக்கு மறைவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். ஆதம்பாவாவின் மச்சான் உதுமாலெவ்வை படகின் எஞ்சினைப் பிடித்தபடி, "இந்தியாக் கடல் வேற மாதிரியாக்கும்" என்று பரிவோடு கேட்டார். அந்தப் பரிவு வாந்தியைவிட மோசமாக இருந்தது.

வலையை இழுத்தார்கள். நாலைந்து திருக்கை, ஒரு பெரிய நண்டு, பிறகு குப்பை. குப்பை என்று நான் இனிச் சொல்லக்கூடாது. சிவப்பில் மூன்று கடல் விசிறிகள், அவற்றில் ஒன்றைச் சுற்றிக்கொண்டு ஐந்து கால்களும் நெளியும் ஓர் உயிர். ஆதம்பாவா அதைப் 'பாம்புக்கால்' என்பார், அது அவர் வைத்த பெயர். ஒரு கால்கூட ஒடியாமல் மெல்லப் பிரித்து உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டிவிட்டுத் தண்ணீரில் விட்டார். முப்பது வருடம் வகுப்பெடுத்த நான், இதுவரை அதைப் பாட்டிலுக்குள்தான் பார்த்திருந்தேன்.

"இது எத்தன பாகம்?" என்று கேட்டேன்.

ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கினார். தரை தட்டியதும் இழுத்தெடுத்து, மார்புக்குக் குறுக்கே கைகளை விரித்து விரித்து அளந்தார். "இருவது" என்றார்.

என்னிடம் மீட்டர் குறித்த கயிறு இருந்தது. அதையும் இறக்கினேன். முப்பது மீட்டர். புத்தகக் கணக்கில் இருபது பாகம் என்றால் முப்பத்தாறரைக்கு மேல் வரவேண்டும். "இவரும் ஒரு முறை அளக்கட்டுமே" என்று உதுமாலெவ்வையைக் காட்டினேன்.

உதுமாலெவ்வை சிரித்தார். "நான் அளக்கப்படாது சேர். ஒரு போட்டுக்கு ஒரு கைதான் கணக்கு. ஆளுக்கு ஆள் அளந்தா ஒரே எடத்துக்கு ரெண்டு ஆழம் வரும். இந்தப் போட்டுக்கு மச்சான்ட கைதான். அவருக்கு முந்தி அவர்ர வாப்பாட கை."

அப்போதுதான் நான் கையைப் பார்த்தேன். இவ்வளவு நேரமும் கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆதம்பாவா கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வலது கை நேராக நீண்டது. இடது கை முழங்கையோடு மடங்கி நின்றது, அதற்கு மேல் நீளவில்லை.

"கைக்கு என்ன காக்கா?"

"அது சுனாமில" என்று சொல்லிவிட்டு எஞ்சின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு நிமிடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கடல் தாழவில்லை. அவருடைய பாகம்தான் குறுகிவிட்டது. பழைய கைக்குப் பதினெட்டு, புதிய கைக்கு இருபது. வேறு யாரும் அளக்கக்கூடாது என்ற வழக்கம் இருந்ததால் யாருக்கும் தெரியாமல் போயிற்று, அவருக்கே தெரியாமல் போயிற்று. ஆறடி என்று அட்டவணையைப் பார்த்துப் பெருக்கிய எனக்காவது தெரிந்திருக்க வேண்டும். பாகம் என்பது ஒரு மனிதனின் கை என்று எங்கள் ஊர்க் கடற்கரையில் அஞ்சாம் வகுப்பு படிக்கும்போதே கேட்டு வளர்ந்தவன் நான். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது, ஏனென்றால் இதை அவரிடம் யாராவது சொல்லவேண்டும். ஊரே நம்புகிற ஒரு வார்த்தையை, அவருடைய வார்த்தையை, வாந்தி எடுத்துக்கொண்டு வந்த ஓர் அந்நியன் எப்படி இல்லையென்று சொல்வது? கரை சேர்கிற வரை வாயைத் திறக்கவில்லை. கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர்களே காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

பகல் சாப்பாடு அவர்கள் வீட்டில். பெரிய சஹன் தட்டு ஒன்றில் நெய்ச்சோறு, கோழி, கத்தரிக்காய், அச்சாறு எல்லாம் குவித்து நடுவில் வைத்து, நாங்கள் மூன்று ஆண்களும் சுற்றி உட்கார்ந்தோம். எனக்கு இலையில் தனியாகச் சாப்பிட்டுத்தான் பழக்கம். நல்ல கோழித்துண்டு உதுமாலெவ்வை பக்கம் இருந்தது, கை நீட்டலாமா என்று தயங்கினேன். "ஒங்கட முன்னால இரிக்கிறதச் சாப்பிடுங்க, மத்தது தானா வரும்" என்றார் ஆதம்பாவா. வந்தது. அவரே தள்ளிவிட்டார்.

கடைசியில் வட்டிலப்பம் என்கிற இனிப்பு வந்தபோது இனியும் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது. ஹஸ்னாவும் கதவருகே வந்து நின்றாள்.

"காக்கா, உங்க கொப்பியில பொய் இல்ல. நான் எழுதினதுதான் தப்பு. ஆனா கடலும் தாழல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விளக்கிச் சொன்னேன். வளர்ந்த மனிதனின் உயரமும் விரித்த கைகளின் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் என்று சொன்னேன். ஹஸ்னா தையல் அளவுநாடாவை எடுத்து வந்தாள். அவரைக் கதவுநிலையோடு நிற்கவைத்து அளந்தோம். நூற்று அறுபத்தாறு சென்டிமீட்டர். பிறகு கைகளை விரிக்கச் சொன்னோம். நூற்றைம்பது. ஹஸ்னா கைபேசியில் பெருக்கினாள். பழைய கையால் பதினெட்டுப் பாகம், முப்பது மீட்டர். இப்போதைய கையால் இருபது பாகம், முப்பது மீட்டர். என் கயிறு சொன்னதும் முப்பது.

ஆதம்பாவா கைகளை இறக்க மறந்து அப்படியே நின்றார்.

"அப்ப கடல் அப்பிடியேதான் இரிக்கா?"

"ஓம்" என்றேன். என் வாயிலிருந்து அவர்களுடைய அந்த 'ஆமாம்' எப்படி வந்ததென்று தெரியவில்லை.

"இருவது வருசத்துக்கு மேலா நான் அதக் குத்தம் சொல்லிட்டு இரிந்திரிக்கன்" என்றார். குரல் உடைந்திருந்தது. இந்த மனிதரின் பெயருக்குப் பக்கத்தில் நான் எழுதிய சொல்லை நினைத்தபடி அளவுநாடாவைச் சுருட்டினேன்.

பிறகு அவர் பெருமூச்சு விட்டு, "ஊருக்கு என்னத்தச் சொல்லுற?" என்று மச்சானைக் கேட்டார்.

"கடல் திரும்ப ஏறிட்டு எண்டு சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க" என்றார் உதுமாலெவ்வை. முதலில் சிரித்தது ஆதம்பாவாதான். வீடே சிரித்தது. ஹஸ்னா மட்டும் சிரிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் பகல் எனக்குக் கொழும்புக்கு பஸ். காலையிலேயே அவளுடைய கடைக்குப் போனேன். ஒவ்வொரு பதிவாகத் திறந்து, நான் போட்ட குறிப்பை அழித்து, "சரிபார்ப்பவரின் தவறு" என்று என் பெயரைப் போட்டேன். கடையில் நகல் எடுக்க வந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நிஸாமும் வந்து நின்றார். கடல் தாழவில்லை என்று அவருக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. "யோசிச்சுப் பாப்பம்" என்றார்.

பாதியில் ஆதம்பாவா சைக்கிளில் வந்து இறங்கி, கொப்பியை மகளிடம் கொடுத்துவிட்டு மீன் சந்தைக்குப் போனார். வெற்றுத்தாளாக இருந்த பக்கத்தில் நேற்றைய தேதியில் நீல மையில் எழுதியிருந்தார்: "விசிறி மூன்று. பாம்புக்கால் ஒன்று, உயிரோடு விட்டது. இருபது பாகம், இப்பத்தய கையால்." ஹஸ்னா அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு வேலை மிச்சமிருந்தது. அளவு மாறினால் தரவுதளம் காரணம் கேட்கும். அந்தக் கட்டம் நிரம்பாமல் பதிவுகள் உள்ளே போகாது. 'உடற்காயம்' என்று போடலாம் என்றேன். சுருக்கமாக இருக்கும், எங்கள் விதிப்படியும் அதுதான் சரி.

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"எனக்கு அப்ப எட்டு வயசு சேர். வாப்பா வலது கையால தென்னைய அணைச்சிக்கிட்டு இடது கையால என்னப் புடிச்சிருந்த. தண்ணிக்குள்ளால ஒரு போட் வந்து அந்தக் கையில அடிச்ச. எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்குக் கேட்ட. அவரு விடல்ல. அந்தக் கைய வெச்சி அளந்ததத்தான் நான் ரெண்டு வருசமா தட்டெழுதினன். எனக்கே விளங்கல்ல பாருங்க."

நகல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி, காரணக் கட்டத்தில் தட்டினாள்: "அளந்தவர் இடது கையால் மகளைப் பிடித்திருந்தார்."

இது விஞ்ஞானக் குறிப்பல்ல. இப்படிப்பட்ட வாக்கியங்களைத் தள்ளுவதற்காகத்தான் என்னை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். நான் இரண்டு முறை படித்தேன். பிறகு 'சரிபார்த்தேன், ஏற்றுக்கொண்டேன்' என்பதை அழுத்தினேன்.